ஷெர்லக் ஹோம்ஸைக் கொலைகாரனாக்கிய நாவலை எப்படி எடுத்துக்கொள்வது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். சிறு வயதிலிருந்தே ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைப் படித்து வளர்ந்தவர் நீங்கள். நண்பர் கொடுத்தார் என்று, மைக்கேல் டிப்டின் 1978-ல் எழுதிய ‘தி லாஸ்ட் ஷெர்லக் ஹோம்ஸ் ஸ்டோரி’யைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். லண்டனில் பெண்களைக் கொன்றுபோட்ட ஜாக் தி ரிப்பர் ஹோம்ஸ்தான் என்று அந்த நாவல் சொல்லும் இடம் வந்ததும் மனசு ஒப்பாமல் மூடி வைத்துவிட்டீர்கள். இது மூலத்துக்குச் செய்யும் துரோகம் இல்லையா, ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் எழுதியதில் இதற்கு ஏதாவது இடம் இருக்கிறதா, மிச்சத்தைப் படிக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது இன்னும் கொஞ்சம் ஆழமான விஷயம் என்று எனக்குப் படுகிறது. ஹோம்ஸ் நல்லவர் என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறோமே, யார் சொல்லி நம்பினோம்? அங்கிருந்து ஆரம்பித்தால் மற்ற கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும். அந்த நாவலை முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். கேள்வியிலேயே முடிச்சு அவிழ்ந்துவிட்டதால் நானும் மறைக்கப் போவதில்லை.

குற்றப்புனைவைக் கல்லூரியில் பாடமாக நடத்தியவன் நான். டாயிலின் நான்கு நாவல்களையும் 56 சிறுகதைகளையும் மாணவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பது என் வேலையின் பெரும்பகுதியாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக வைத்துப் பேசுவேன்: கதைகளில் அச்சில் இருப்பது, அதிலிருந்து நியாயமாக ஊகிக்கக்கூடியது, பின்னால் வந்தவர்கள் தாங்களாகவே சேர்த்தது. இந்த மூன்றையும் கலந்துவிடுவதால்தான் இந்த மாதிரி நாவல்களைப் பற்றிய சண்டைகள் முடிவதே இல்லை.

அச்சில் இருப்பதைப் பார்ப்போம். 1887-ல் வந்த முதல் நாவலான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டில், ஹோம்ஸை நாம் சந்திப்பதற்கு முன்பே ஸ்டாம்ஃபோர்ட் என்பவர், ஹோம்ஸின் நண்பராகி அவர் கதைகளைச் சொல்லப்போகும் டாக்டர் வாட்சனை எச்சரிக்கிறார். புதிதாகக் கண்டுபிடித்த தாவர நஞ்சு ஒரு சிட்டிகையை நண்பனுக்கே கொடுத்துப் பார்க்கக்கூடிய ஆள் என்கிறார். கெட்ட எண்ணத்தில் இல்லை, விளைவைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில்தான். அதே நஞ்சைத் தானும் தயங்காமல் சாப்பிடுவார் என்றும் சேர்த்துச் சொல்கிறார். இறந்த பிறகு உடம்பில் கன்றிய தடம் விழுமா என்று பார்க்க, உடற்கூறு அறையில் பிணங்களைக் கம்பால் அடித்தவர் என்ற தகவலும் அங்கேயே வருகிறது. 1890-ல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ கொக்கைன் ஊசியில் தொடங்கி, கொக்கைன் குப்பியை நோக்கி நீளும் கையில் முடிகிறது. ஏழு சதவீதக் கரைசல், ஒரு நாளைக்கு மூன்று தடவை, பல மாதங்களாக. அன்றைக்கு அது சட்ட விரோதம் இல்லை, மருந்துக் கடையிலேயே கிடைத்த சரக்குதான். ஆனால் டாக்டரான வாட்சனுக்கு அது கேடு என்று தெரிகிறது, மனம் விட்டுச் சண்டையும் போடுகிறார்.

‘ஐந்து ஆரஞ்சு விதைகள்’ கதையில் உயிருக்கு ஆபத்து என்று வந்து நிற்கிற இளைஞன் ஜான் ஓப்பன்ஷாவை, எச்சரித்து, ஆலோசனை சொல்லி, அந்த இராத்திரியிலேயே தனியாக அனுப்பிவிடுகிறார் ஹோம்ஸ். மறுநாள் காலைப் பத்திரிகையில் அவன் பிணம் வாட்டர்லூ பாலத்தருகே தண்ணீரில் கிடைத்த செய்தி வருகிறது. அதைப் படித்ததும் ஹோம்ஸ் முதலில் சொல்வது, இது தன் பெருமையைக் காயப்படுத்துகிறது என்பதுதான். அற்பமான உணர்ச்சி என்று அவரே ஒப்புக்கொள்கிறார், அப்புறம் கொதித்து எழுகிறார். ஆனாலும் முதலில் வந்த சொல் அதுதான். வகுப்பில் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1904-ல் வெளிவந்த சார்ல்ஸ் அகஸ்டஸ் மில்வர்ட்டன் கதை. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மில்வர்ட்டன், பிரபுக் குடும்பத்துப் பெண்களின் பழைய கடிதங்களை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டிப் பணம் பறிக்கிறவன். அவன் வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்ள ஹோம்ஸ் எஸ்காட் என்ற பெயரில் பிளம்பராக வேஷம் போட்டு, அங்கே வேலை செய்யும் அகத்தா என்ற பெண்ணோடு கல்யாணம் நிச்சயம் செய்யும் அளவுக்குப் பழகிவிடுகிறார். அந்தப் பெண் கதி என்ன என்று வாட்சன் பதறுகிறார். வேறு வழியில்லை, தவிர எனக்கு ஒரு போட்டியாளன் இருக்கிறான், நான் விலகினால் அவன் பார்த்துக்கொள்வான் என்று தோளைக் குலுக்கிவிட்டு, இரவு எவ்வளவு அருமையாக இருக்கிறது என்கிறார் ஹோம்ஸ். அப்புறம் இருவரும் முகமூடி மாட்டிக்கொண்டு, கண்ணாடி அறுக்கும் கருவி, கடப்பாரைக் கம்பி சகிதமாக அந்த வீட்டுக்குள் திருடப் போகிறார்கள். திறமையான குற்றவாளியாக வந்திருப்பேன் என்ற எண்ணம் எனக்கு எப்போதுமே உண்டு என்று அந்தச் சமயத்தில்தான் சொல்கிறார்.

திரைக்குப் பின்னால் இருவரும் ஒளிந்து நிற்கும்போது, மில்வர்ட்டனால் வாழ்க்கை அழிந்த ஒரு பெண் வந்து அவனைச் சுடுகிறாள். ஒரு குண்டு இல்லை, துப்பாக்கியில் இருந்த அத்தனையும். பிறகு அவன் முகத்தைச் செருப்புக் குதிகாலால் மிதித்து நசுக்குகிறாள். வாட்சன் பாய்ந்து தடுக்கப் பார்க்கிறார். ஹோம்ஸின் குளிர்ந்த, உறுதியான பிடி அவர் மணிக்கட்டை இறுக்குகிறது. இது நம் விவகாரம் இல்லை, நியாயம் அவனைப் பிடித்துவிட்டது என்பதுதான் அந்தப் பிடியின் அர்த்தம் என்று வாட்சன் புரிந்துகொள்கிறார். அவள் போனதும் ஹோம்ஸ் கதவைத் தாழிட்டு, பெட்டகத்தில் இருந்த கடிதங்களையெல்லாம் கை நிறைய அள்ளி நெருப்பில் போடுகிறார். மறுநாள் இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் வந்து, தப்பி ஓடியவர்களில் ஒருவனின் அடையாளத்தைச் சொல்லி உதவி கேட்கிறார். அது வாட்சனின் அடையாளம் மாதிரி இருக்கிறதே என்று சிரித்துவிட்டு, இந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன் என்று அனுப்பிவிடுகிறார் ஹோம்ஸ்.

இந்தக் கதையில் சட்டப்படி எத்தனை குற்றம் நடந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேஷம் போட்டு ஏமாற்றியது, வீடு புகுந்தது, கொலையைப் பார்த்தும் தடுக்காதது, தடயத்தை எரித்தது, போலீஸிடம் மறைத்தது. ஆனால் படித்து முடிக்கும்போது நமக்கு ஹோம்ஸ் மேல் கோபம் வருவதில்லை. ஏன்? வாட்சனுக்குக் கோபம் வரவில்லை, அதனால் நமக்கும் வரவில்லை. மில்வர்ட்டன் கேவலமானவன் என்பது உண்மைதான், அது ஒரு காரணம். பெரிய காரணம், நமக்கு இந்தக் கதையைச் சொல்கிறவர் நண்பரை நேசிக்கிற, நேர்மையான, படையில் பணியாற்றிய ஒரு டாக்டர். அவர் மன்னித்தால் நாமும் மன்னிக்கிறோம். இதே கதையின் தொடக்கத்தில், உண்மையான தேதியையும் சம்பவத்தை அடையாளம் காட்டக்கூடிய தகவல்களையும் மறைத்துத்தான் எழுதுகிறேன் என்று வாட்சன் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். அப்படியானால் மற்ற கதைகளில் எதை மறைத்தார்? இருட்டுப் பக்கம் காட்டும் நாவல்கள் எல்லாம் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். அதைத் திறந்து வைத்தது டாயில்தான்.

ஹோம்ஸின் கொடுமைக்கு அதிகம் ஆளானவரும் வாட்சன்தான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 1913-ல் வந்த ‘சாகும் தறுவாயில் துப்பறிவாளர்’ கதையில் ஹோம்ஸ் மூன்று நாள் பட்டினி கிடந்து, நெற்றியில் வாசலின், கண்ணில் பெல்லடோனா, கன்னத்தில் சாயம், உதட்டைச் சுற்றித் தேன்மெழுகு என்று பூசிக்கொண்டு, சாகப் போகிறவர் மாதிரி நடிக்கிறார். கிட்டே வந்து பார்க்கத் துடிக்கிற வாட்சனிடம், நீ சாதாரண டாக்டர், உன் அனுபவம் குறைவு என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். குற்றவாளி சிக்குகிறான், சரி. ஆனால் அந்தச் சில மணி நேரம் வாட்சன் பட்ட பாடு? அதைவிடப் பெரியது, சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் செத்துவிட்டதாக நம்ப வைத்து மூன்று வருடம் மௌனமாக இருந்தது. அண்ணன் மைக்ரோஃப்டுக்குத் தெரியும், வாட்சனுக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது வாட்சன் மயங்கி விழுகிறார். எழுந்ததும் மன்னித்துவிடுகிறார்.

அச்சில் இருப்பது இவ்வளவு. ஊகிக்கக்கூடியது என்று நான் சொல்வதற்கு நல்ல உதாரணம் ஹோம்ஸின் பரம எதிரியான பேராசிரியர் மோரியார்ட்டி. 1893 டிசம்பரில் வந்த ‘கடைசிப் பிரச்சினை’ கதையை இன்னொரு தடவை எடுத்துப் படியுங்கள், இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வியோடு: மோரியார்ட்டியை வாட்சன் எங்கே பார்த்தார்? 1891 ஏப்ரல் 24 இரவு ஹோம்ஸ் வருகிறார், விரல் முட்டிகளில் இரத்தம், ஜன்னல் கதவுகளைச் சாத்துகிறார், காற்றுத் துப்பாக்கிக்குப் பயப்படுகிறார். மோரியார்ட்டி தன் அறைக்கே வந்து மிரட்டினான் என்கிறார். அப்போது வேறு யாரும் அங்கே இல்லை. தெருவில் தலைக்கு மேலிருந்து செங்கல் விழுந்தது என்கிறார். வந்து பார்த்த போலீஸ், கூரையில் பழுதுபார்ப்புக்காக அடுக்கியிருந்த கற்களில் ஒன்று காற்றில் சரிந்திருக்கும் என்றது. விக்டோரியா ரயில் நிலையத்தில் ஓர் உயரமான மனிதர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவதை வாட்சன் பார்க்கிறார். அது மோரியார்ட்டி என்று சொல்வது ஹோம்ஸ். அருவிக்குப் போகும் மலைப்பாதையில் தூரத்தில் ஒரு கறுத்த உருவம் வேகமாக நடப்பதைப் பார்க்கிறார். அருவியோரம் நடந்தபோது வாட்சன் அங்கே இல்லை, பொய்க் கடிதம் ஒன்று அவரைக் கீழே இருந்த விடுதிக்கு இழுத்துவிட்டது. மிச்சம் இருந்தது திரும்பி வராத காலடித் தடங்களும், சிகரெட் பெட்டிக்கு அடியில் ஹோம்ஸ் கைப்பட எழுதிய கடிதமும்.

ஆக, அந்த ஒரு கதையை மட்டும் வைத்துக்கொண்டால், மோரியார்ட்டி என்று நாம் நினைக்கும் ஆள் ஹோம்ஸின் கற்பனை என்று வாதாட இடம் இருக்கிறது. மற்ற கதைகளையும் சேர்த்தால் அந்த வாதம் இடிக்கும். திரும்பி வரும் கதையில் மோரியார்ட்டியின் ஆள் கர்னல் மோரன், மெழுகுச் சிலையைச் சுட்டுக் கையும் களவுமாகப் பிடிபடுவதை வாட்சனும் லெஸ்ட்ரேடும் பார்க்கிறார்கள். 1914-ல் தொடங்கித் தொடராக வந்த ‘தி வேலி ஆஃப் ஃபியர்’ நாவலில் இன்ஸ்பெக்டர் மெக்டொனால்ட், மோரியார்ட்டியை நேரில் சந்தித்து கிரகணம் பற்றிப் பாடம் கேட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறார். ஆகவே இது மூலத்தின் ஒரு பகுதி அனுமதிக்கிற, மறுபகுதி மறுக்கிற ஊகம். இதை யாராவது நிரூபணம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்த ஊகத்தை வைத்து டிப்டினுக்கு முன்பே ஒரு நாவல் எழுதப்பட்டது. நிக்கலஸ் மேயரின் ‘தி செவன் பெர்சென்ட் சொல்யூஷன்’, 1974. அதில் மோரியார்ட்டி ஒரு பாவப்பட்ட கணக்கு வாத்தியார். கொக்கைன் தலைக்கேறிய ஹோம்ஸ் அவரைத் துரத்தித் துரத்தி வதைக்கிறார். வாட்சனும் மைக்ரோஃப்டும் சேர்ந்து தந்திரமாக ஹோம்ஸை வியன்னாவுக்கு வரவழைத்து சிக்மண்ட் ஃப்ராய்டிடம் ஒப்படைக்கிறார்கள். ஃப்ராய்ட் 1884-ல் கொக்கைனைப் புகழ்ந்து கட்டுரை எழுதியவர் என்பதால் அந்தத் தேர்வு வெறும் பெயருக்காகச் செய்ததில்லை. இங்கே ஹோம்ஸ் சீரழிந்திருக்கிறார், ஆனால் வாட்சன் அவரைக் கைவிடுவதில்லை. நண்பனைக் காப்பாற்ற முதன்முறையாக வாட்சன் பொய் சொல்கிறார், திட்டம் போடுகிறார், ஜெயிக்கிறார். அந்த நாவலின் அழகு எனக்கு அதுதான். ஹோம்ஸின் இருட்டைக் காட்டி, வாட்சனைப் பெரிய மனிதராக்கிவிடுகிறது.

டிப்டின் அதே செங்கல்களை எடுத்து வேறு வீடு கட்டுகிறார். 1888-ல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் ரிப்பர் கொலைகள் நடக்கின்றன, செய்கிறவன் மோரியார்ட்டி என்கிறார் ஹோம்ஸ், வாட்சன் நம்புகிறார், கடைசியில் தன் கண்ணாலேயே வேறு ஒன்றைப் பார்க்கிறார். அதற்குப் பிறகு நாவல் ஹோம்ஸைப் பற்றியது இல்லை. நண்பனையே துப்பறிய வேண்டிய நிலைக்கு வந்த வாட்சனைப் பற்றியது. டாயிலின் கதைகளில் எதைப் பார்த்தாலும் மன்னித்தவர், மன்னிக்க முடியாத ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வார் என்பதே டிப்டினின் கேள்வி. நீங்கள் மூடி வைத்த இடத்தில்தான் அந்தக் கேள்வி ஆரம்பமே ஆகிறது. அதனால்தான் அந்த அதிர்ச்சியை மட்டும் வைத்து நாவலை எடைபோட முடியாது என்கிறேன்.

அவர் தேர்ந்தெடுத்த வருடத்திலும் நுணுக்கம் இருக்கிறது. ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலின் உள்கணக்குப்படி பார்த்தால் அது நடப்பதும் 1888-ல்தான்: அதில் வாட்சன் காதலிக்கும் மேரி மார்ஸ்டனின் அப்பா காணாமல் போனது 1878 டிசம்பர், அவள் வந்து சொல்லும்போது ஏறக்குறைய பத்து வருடம் ஆகியிருக்கிறது. அவள் கொண்டுவந்த கடிதத்தின் முத்திரை ஜூலை என்கிறது, அன்று மாலையை வர்ணிக்கும்போது வாட்சன் செப்டம்பர் என்கிறார். டாயில் தேதிகளைப் பற்றிக் கவலைப்பட்டவரே இல்லை, அதனால் இது கவனக்குறைவுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாவலாசிரியனுக்கு இந்தக் குழப்பம் பெரிய கொடை. இரண்டாவது ரிப்பர் கொலையாகப் பொதுவாக எண்ணப்படும் ஆனி சாப்மனின் கொலை அதே வருடம் செப்டம்பர் 8. ஆக, ஹோம்ஸ் கையில் ஊசியோடும், வாட்சன் காதலில் கவனம் சிதறியும் இருந்த அந்த இலையுதிர் காலத்தில்தான் லண்டனே நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் டாயிலின் அறுபது கதைகளில் ஒன்றில்கூட ஹோம்ஸ் ரிப்பர் வழக்கைத் தொடுவதில்லை.

இனி, மூலத்தில் இல்லவே இல்லாதது. துன்புறுத்துவதில் இன்பம் காண்கிற ஹோம்ஸ் டாயிலிடம் கிடையாது. மாற்றாந்தந்தை ஒருவன் மகளின் பணத்துக்காக அவளைக் காதல் நாடகம் ஆடி ஏமாற்றும்போது, சட்டம் தொட முடியாத அவனைச் சவுக்கால் அடிக்கப் பாய்கிறவர் ஹோம்ஸ். பெண்களை நம்பாதவர், ஆனால் அவர்களிடம் மரியாதை தவறாதவர் என்று வாட்சன் சொல்கிறார். குற்றவாளிகளை அவர் தப்பவிட்ட கதைகளில் எல்லாம் காரணம் இரக்கம்தான். குளிர்ந்த மனதிலிருந்து கசாப்புக்குப் போக நேர்வழி கிடையாது. அதனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஹோம்ஸ் ரிப்பராக இருக்க மூலத்தில் ஆதாரம் இல்லை. போதை, கர்வம், சட்டத்தை மீறும் துணிவு, நண்பனை ஏமாற்றும் பழக்கம், இவற்றுக்கு ஆதாரம் உண்டு. மோரியார்ட்டி மாயை என்பதற்குப் பாதி ஆதாரம். கொலைகள் முழுக்க டிப்டினின் சொந்தச் சேர்க்கை.

அந்தச் சேர்க்கையில் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, அது ஹோம்ஸுக்காக இல்லை. மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. இவர்கள் கற்பனைப் பாத்திரங்கள் அல்ல. 1888 ஆகஸ்ட் 31-க்கும் நவம்பர் 9-க்கும் இடையே உண்மையாகவே கொல்லப்பட்ட பெண்கள். கொன்றது யார் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. ஒரு கற்பனைத் துப்பறிவாளரின் மன இருட்டைக் காட்ட இவர்கள் உடல்களைப் பயன்படுத்துவது சரியா என்ற கேள்வி, ஹோம்ஸின் பெயர் கெட்டுவிட்டதே என்ற கேள்வியைவிடப் பெரியது. ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-ல் எழுதிய ‘தி ஃபைவ்’, அந்த ஐந்து பேரின் மரணத்தை விட்டுவிட்டு வாழ்க்கையைச் சொல்கிறது: எங்கே பிறந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், எப்படி வறுமையில் விழுந்தார்கள் என்று. அதைப் படித்த பிறகு எந்த ரிப்பர் நாவலையும் பழையபடி படிக்க முடிவதில்லை, டிப்டினின் நாவலையும் சேர்த்துத்தான். மேரி ஜேன் கெல்லி கொல்லப்பட்ட மில்லர்ஸ் கோர்ட் அறையில் நடப்பதைச் சொல்லும் டிப்டினின் பக்கங்கள் தேவைக்கு மேல் விவரமானவை என்பது என் கருத்து. நாவல் அதில்லாமலும் நின்றிருக்கும்.

துரோகமா என்ற கேள்விக்கு வருகிறேன். டாயில் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளமானவர். நாடக நடிகர் வில்லியம் ஜில்லெட், ஹோம்ஸுக்கு மேடையில் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று தந்தியடித்தபோது, கல்யாணம் செய்துவை, கொன்று போடு, என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று பதில் கொடுத்தவர் அவர். 1893-ல் அவரே கொன்றுதான் பார்த்தார். ஆனால் அவருக்கும் ஓர் எல்லை இருந்தது. அவர் தங்கை கணவர் ஈ. டபிள்யூ. ஹார்னங், 1898-ல் ராஃபிள்ஸ் என்ற கனவான் திருடனைப் படைத்தார். பக்கத்தில் வாட்சன் போலவே விசுவாசமான பன்னி என்ற நண்பன். புத்தகத்தை டாயிலுக்கே காணிக்கையாக்கினார். குற்றவாளியை நாயகனாக்கக் கூடாது என்று டாயிலுக்கு அதில் மனக்குறை, தன் வாழ்க்கை வரலாற்றிலும் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஹோம்ஸின் முக்கியமான இருட்டுப் பிரதி ஒன்று அவர் வீட்டுக்குள்ளேயே பிறந்தது. டிப்டினை அவர் ஏற்றிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் படைத்தவரின் விருப்பம் ஒரு பாத்திரத்தின் எல்லையாக என்றைக்கும் இருந்ததில்லை.

சட்டத்தைப் பற்றியும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். டாயில் 1930-ல் இறந்தார், பிரிட்டனில் காப்புரிமை 2000-ஆம் ஆண்டு முடிவோடு போய்விட்டது. அமெரிக்காவில் 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1923-க்கு முன் வெளிவந்த கதைகளில் உள்ள ஹோம்ஸ் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. கடைசிக் கதைகளும் 2023 ஜனவரி 1-ல் விடுபட்டுவிட்டன. இனி யாரும் எப்படியும் எழுதலாம். அதனால் இந்த வகை நாவல்கள் நிறைய வரும், பெரும்பாலானவை சுமாராகத்தான் இருக்கும். எதை எடுப்பது என்று தீர்மானிக்க நான் பார்க்கும் ஒரே விஷயம் வாட்சன் என்ன ஆகிறார் என்பது. ஹோம்ஸைக் குடிகாரனாக, கொடூரனாக, பைத்தியமாகக் காட்டுவது எளிது. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்று யோசிக்காத நாவலில் எனக்கு ஆர்வம் இருப்பதில்லை. வாட்சனே இல்லாத உலகத்தை எழுதுகிறவர்கள் அந்த வெற்றிடத்தையாவது எழுத வேண்டும். மிட்ச் கலின் 2005-ல் வெளியிட்ட ‘எ ஸ்லைட் ட்ரிக் ஆஃப் தி மைண்ட்’ அதைச் செய்கிறது. 1947, ஹோம்ஸுக்கு 93 வயது, சசெக்ஸில் தேனீ வளர்க்கிறார், நினைவு நழுவிக்கொண்டே போகிறது, தன் பழைய வழக்கு ஒன்றைத் தானே எழுத வேண்டியிருக்கிறது, முடியவில்லை. இரத்தம் இல்லை, ஆனால் டிப்டினைவிட எனக்கு இருட்டாகப் பட்ட நாவல் அது. இயன் மெக்கெல்லன் நடித்த 2015 படத்தைப் பார்த்திருந்தாலும் நாவலைப் படியுங்கள், அதன் முடிவு படத்தைவிடக் கடுமையானது.

படைத்தவரே இப்படிச் செய்தால் துரோகம் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு அகதா கிறிஸ்டியின் ‘கர்ட்டன்’ இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்து, தான் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் 1975-ல் வெளியிட்டார். அவர் படைத்த துப்பறிவாளர் எர்க்யூல் போய்ரோ இறந்த செய்தியை நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. போய்ரோவின் அறத்தை அவர் அங்கே எவ்வளவு தூரம் சோதிக்கிறார் என்பதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். அதிலும் பக்கத்தில் நின்று கதை சொல்வது நண்பர் ஹேஸ்டிங்ஸ்தான்.

ஆகவே டிப்டினை முடியுங்கள், ஆனால் உடனே வேண்டாம். முதலில் மில்வர்ட்டன் கதையையும் ‘கடைசிப் பிரச்சினை’யையும் மறுபடி படியுங்கள், அடுத்து மேயரை. மேயரின் வாட்சன் நண்பனை மீட்பதைப் பார்த்த பிறகு டிப்டினின் வாட்சனிடம் திரும்புங்கள். மில்லர்ஸ் கோர்ட் பக்கங்கள் தாங்கவில்லை என்றால் புரட்டிவிட்டுப் போகலாம், அதற்கப்புறம் வரும் சுவிட்சர்லாந்துப் பயணம்தான் நாவலின் உயிர். அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: ரைக்கன்பாக் நாளைப் பற்றி வாட்சன் ஏற்கெனவே உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார், இப்போது இன்னொன்று சொல்கிறார், இரண்டுக்கும் சாட்சி அவர் ஒருவர்தான். படித்து முடித்ததும் எந்த வாட்சனை நம்பினீர்கள் என்று எழுதுங்கள். என் மாணவர்கள் இந்த இடத்தில் எப்போதுமே இரண்டு கட்சியாகப் பிரிவார்கள்.